கட்டுமரம் இருக்கா, கட்டுமரம்?

எல்லாம் என் வாயால் வந்த வினை.

எங்கள் ஆபீஸில், பில் செக்‌ஷனில் ஒரு பையன். வயது இருபத்தாறு. திங்கட்கிழமை காலையில் கண் சிவந்து, மூக்கு நுனி உரிந்து, காதுக்குள்ளிருந்து மணல் உதிர வந்து உட்காருவான். ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்திருப்பான் என்று நாங்கள் பெரியவர்கள் எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்து, 'காலம் கெட்டுப் போச்சு ஸார்' என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தோம். விசாரித்தால், கோவளத்தில் அலைச்சறுக்காம். சர்ஃபிங்! ஒரு பலகைமேல் நின்றுகொண்டு அலையோடு கரைக்கு வருகிற விளையாட்டு. சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் 2012-லிருந்து அதற்கு ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. மீனவக் குடும்பத்துப் பையன்கள்தான் வாத்தியார்கள். அன்றைக்கே எங்கள் செக்‌ஷன் அவனுக்கு 'அலைமன்னன்' என்று பட்டம் சூட்டிவிட்டது.

சறுக்குவதோடு விட்டானா? பழைய பலகைகளைச் சேர்க்கிறான். வேளச்சேரியில் ஒற்றை பெட்ரூம் ஃபிளாட்டில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், எவனோ வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒன்பதடிப் பலகை நிற்கிறது. அவன் அம்மா அதில் துணி காயப்போடுகிறார். "எழுபதுகள்ல செஞ்சது ஸார், தெரியுமா?" என்பான். எப்படித் தெரியும் என்றால், அதற்கு ஒரு சாஸ்திரமே வைத்திருக்கிறான். பலகையின் நடுமுதுகில் ஒரு மரப்பட்டை ஓடும். அதில் செய்தவன் பென்சிலால் பெயரும் அளவும் எழுதியிருப்பான். மேலே ஊற்றிய ரெசினுக்குள் அது அப்படியே இருக்கும். அடியிலுள்ள துடுப்பின் வளைவைப் பார்த்து எந்தக் காலம் என்று சொல்லலாம். ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் இப்படிப்பட்ட கிழட்டுப் பலகைகளுக்கென்றே ஏலம் நடக்கிறதாம். ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகுமாம்.

"அலைமேல நிக்கிறதை உலகத்துக்குச் சொல்லிக் குடுத்ததே ஹவாய்க்காரன்தான் ஸார்" என்றான் ஒரு நாள், டீ இடைவேளையில்.

எனக்கு எங்கிருந்தோ தமிழுணர்வு பொங்கிவிட்டது. "போடா! எங்க ஊர்ல கட்டுமரத்துல அலைமேல வர்றவனை நீ பார்த்திருக்கியா? கட்டமரன்னு இங்கிலீஷ்காரன் சொல்றானே, அது யார் வார்த்தை? உனக்குப் பழசுதானே வேணும்? எங்க ஊருக்கு ஒரு நடை போனா, தாத்தா காலத்துக் கட்டுமரம் ஒண்ணு வாங்கித் தரேன். ஃபிரிட்ஜை வித்துட்டு அதை வெச்சுக்கோ."

பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டேன். லீவ் லெட்டரில் காரணம் 'சொந்த ஊரில் மரம் வாங்க' என்று எழுதினேன். மானேஜர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "தேக்கா?" என்றார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் நாகர்கோவில்காரன்தான். ஆனால் வயல்பக்கத்துக்காரன். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு நெல் தெரியும், மட்டிப்பழம் தெரியும், ரசவடை தெரியும். கடல்? அது காலை பத்து மணிக்கு மீன்காரம்மாவின் கூடையில் வீட்டு வாசலுக்கு வரும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற சமுத்திரத்தை, தை அமாவாசைக்கும், வெளியூர் விருந்தாளி வந்தாலும்தான் போய்ப் பார்ப்போம். கட்டுமரத்தைப் பற்றி நான் அலைமன்னனிடம் அளந்ததெல்லாம் சின்ன வயசில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது.

சரி, பந்தா பண்ணியாகிவிட்டது. பிப்ரவரி மாதம், கடல் சாதுவாக இருக்கும் நாளாகப் பார்த்து ரயிலேறினேன்.

* * *

முதல் குழப்பம் ரயிலிலேயே. "எங்கே போறீங்க?" என்ற சக பயணியிடம், "கோவளம் பக்கம்" என்றேன். அவர் திருவனந்தபுரம் கோவளம் என்று நினைத்துக்கொண்டு ஆயுர்வேத மசாஜ் பற்றி அரை மணி நேரம் பேசினார். நான் சொன்னது கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கிற கோவளம். அலைமன்னன் சறுக்குவது சென்னைக் கோவளம். மூன்று கோவளம், மூன்றிலும் கடல். இதில் கேரளக் கோவளத்திலும் சென்னைக் கோவளத்திலும் சர்ஃபிங் கிளப் உண்டு. நம் கோவளத்தில் நல்ல நெத்திலி உண்டு.

கோவளம், மணக்குடி, பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை என்று கிழக்கேயிருந்து மேற்காகக் கரையோரமாகவே ஆட்டோவில் போனேன். இறங்குவேன், "பழைய கட்டுமரம் இருக்கா?" என்று கேட்பேன். பழைய பேப்பர்க்காரன் கணக்காக. கரை பூராவும் வரிசை வரிசையாக நீலமும் வெள்ளையுமாக ஃபைபர் படகுகள். பின்னால் எஞ்சின். கட்டுமரம்? ஒன்றுகூட இல்லை.

மணக்குடியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "கட்டுமரமா? சினிமா எடுக்கப் போறியளா?" என்றார். இன்னோர் இடத்தில் ஒரு பையன் ஓடிப்போய்த் தெர்மோகோல் துண்டுகளைச் சாக்கில் வைத்துக் கட்டிய ஒரு மிதவையைக் காட்டினான். "இது நம்ம கட்டுமரந்தான் சாரே, லேட்டஸ்ட் மாடல்." ஓர் ஓட்டலின் தோட்டத்தில் மட்டும் நாலடி நீளத்துக்கு அறுத்த ஒரு துண்டு மரம், குழிதோண்டி மண் போட்டு, அதில் குரோட்டன்ஸ் செடி வைத்திருந்தார்கள். "ஒரிஜினல் கட்டுமரம் ஸார், ஃபாரினர்ஸ் போட்டோ எடுப்பாங்க" என்றார் வரவேற்பறைப் பையன். நானும் எடுத்துக்கொண்டேன்.

கணபதிபுரத்துக்குப் பக்கத்தில் லெமூர் கடற்கரை. வெள்ளை மணலும் அலையும் அடேயப்பா! அலைமன்னன் பார்த்தால் ரெசிக்னேஷன் கொடுத்துவிடுவான். இந்தக் கரை தென்மேற்கைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. இங்கிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் சின்னச் சின்னத் தீவுகளைத் தவிர அண்டார்டிகா வரைக்கும் குறுக்கே பெரிய தரை கிடையாது. அங்கே எங்கோ தெற்குக் கடலில் புயலடித்தால், அந்த அசைவு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பிரயாணம் பண்ணி இங்கே வந்து உடைகிறது. சறுக்குகிறவர்கள் தவம் கிடப்பது இந்த அலைக்குத்தான்.

இதே அலைக்குத்தான் எங்கள் கடற்கரை ஜனங்கள் 'கள்ளக்கடல்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். காற்றிருக்காது, மேகமிருக்காது, திருடன் மாதிரி வரும். 2024 மே 6-ம் தேதி, இதே லெமூரில், சுற்றுலா வந்த மருத்துவ மாணவ மாணவியர் ஐந்து பேரை அது கொண்டுபோய்விட்டது. ஹைதராபாத்திலிருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்த நேரம். பிப்ரவரி வெயிலில், சாதுவாகக் காலை நனைத்துவிட்டுப் போன அதே தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு நம்பக் கஷ்டமாயிருந்தது. ஆபீஸ் டூர் வருகிற இளைஞர்களே, போர்டு வைத்திருந்தால் படியுங்கள். அலையடிக்கும்போது போட்டோவுக்குப் போஸ் கொடுக்காதீர்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

* * *

முட்டத்துக்குப் போய்ச் சேர சாயங்காலமாகிவிட்டது. பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை', 'கடலோரக் கவிதைகள்' எடுத்த ஊர். அந்தப் பாறைகள் அப்படியே இருக்கின்றன. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உட்கார்ந்து, சாயாவும் பழம்பொரியுமாக, அலைமன்னன் வாட்ஸப்பில் அனுப்பிவைத்திருந்த சரித்திரத்தைப் படித்தேன். (தோற்றுப்போய்விடுவேன் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.)

1885-ம் வருஷம். ஹவாய் ராஜ குடும்பத்துப் பையன்கள் மூன்று பேர் கலிஃபோர்னியாவில் படிக்க வந்தார்கள். சும்மா இருப்பார்களா? ஊர் ஞாபகத்தில் அங்கே கிடைத்த செம்மரத்தில் பலகை அறுத்துக்கொண்டு சாண்டா குரூஸ் என்ற ஊரில், ஆறு கடலில் கலக்கிற இடத்தில், அலைமேல் ஏறி நின்றார்கள். அமெரிக்க நிலப்பரப்பில் சர்ஃபிங் நடந்ததற்கு முதல் ஆதாரம் அதுதான். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பலகைகள் தொலையவில்லை. ஹொனலூலுவில் பிஷப் மியூசியம் என்ற இடத்தில் பத்திரமாக இருந்தன. 2015-ல் அவற்றை மறுபடி சாண்டா குரூஸுக்கே கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார்கள். 130 வருஷம் கழித்து!

அதே மியூசியத்தில் 1920-களில் இன்னொரு சமாசாரம். டாம் பிளேக் என்று ஒரு நீச்சல்வீரர், ஹவாய்த் தலைவர்களின் பதினாலடிக்கும் மேலான புராதனப் பலகைகளைப் பார்க்கிறார். பழுது பார்த்துத் தருகிறார். அதே மாதிரி தனக்கொன்று செய்கிறார். கனம் தாங்கவில்லை. எடை குறைய நூற்றுக்கணக்கில் துளை போடுகிறார்; அதன் மேலே மூடுகிறார். இப்படித்தான் உள்ளே வெறுமையான பலகை பிறந்து, சர்ஃபிங் சாமானியன் கைக்கு வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பழசைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால் வந்த வினை.

இன்னொருத்தர் கதை நம் கட்டுமரத்தில் வந்து முட்டுகிறது. ஹோபி ஆல்டர். 1950 வாக்கில் கலிஃபோர்னியாவில் அப்பாவின் கோடைவீட்டில் பலகை செதுக்க ஆரம்பித்த பையன். கெட்டியான ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமலே பிழைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய லட்சியம். (எனக்கும் அதுதான். வழி தெரியவில்லை.) 1954-ல் கடை போட்டார். 1958-ல் மரத்துக்குப் பதில் நுரைப் பொருளில் பலகை செய்து தொழிலையே புரட்டினார். அப்புறம் 1960-களின் கடைசியில், கரையிலிருந்தே தள்ளி அலையைத் தாண்டிப் போகும்படி, இரண்டு மெல்லிய உடல்களைச் சேர்த்துக்கட்டி ஒரு பாய்ப்படகு செய்தார். 'ஹோபி கேட்'. அதில் ஒரே ஒரு ரகம் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. அந்தக் 'கேட்' பூனை அல்ல. கட்டமரன் என்பதன் சுருக்கம். நம் கட்டுமரம்!

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பழம்பொரியைக் கடித்தேன். அடுத்த மெசேஜ் காற்றைப் பிடுங்கிவிட்டது. பேர்தான் தமிழ், உடம்பு பாலினேசியாவுடையதாம். இரட்டை உடல் படகு பசிபிக் தீவுக்காரர்கள் சொத்து. நம்முடையது மரங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியது. வெள்ளைக்காரன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டான். 1697-ல் அச்சான தன் பயணநூலில் வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்து எழுதினார். வார்த்தை இங்கிலீஷுக்குப் போனது. 1804-ல் பிரெஞ்சுக் கப்பல்களைக் கொளுத்த வெடிமருந்து நிரப்பி அனுப்பிய மிதவைக்கும் ஆங்கிலேயர் அதே பேரை வைத்தார்கள். 1876-ல் நியூயார்க்கில் ஹெரஷாஃப் என்பவர் ஓட்டிய இரட்டைப் படகு பந்தயத்தில் எல்லாரையும் முந்தியது. முந்தின குற்றத்துக்காகத் தள்ளுபடி செய்தார்கள். அதுவும் கட்டமரன்தான். அதோடு, பழைய இங்கிலீஷ் அகராதியில் கட்டமரன் என்றால் 'சண்டைக்காரப் பெண்பிள்ளை' என்றும் ஓர் அர்த்தம் உண்டு. இதை ஃபோனில் வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மெட்ராஸில் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்கும். நடுவில் அலை. எந்தப் படகும் போக முடியாத நாளில்கூடக் கட்டுமரக்காரன் போவான். ஓலைத் தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு. அலை புரட்டும், விழுவான், நீந்திப்போய் மறுபடி ஏறுவான். கடிதம் நனையாமல் கப்பலுக்குப் போய்ச் சேரும். கம்பெனிக்காரனின் சீமை லெட்டர் முழுக்க நம் ஆள் தலையில்தான் போயிருக்கிறது.

அப்படிப்பட்ட சாமானில் ஒன்று, ஒரே ஒன்று, இந்தக் கரையில் கிடைக்காதா என்ன?

* * *

மறுநாள் காலையில், முட்டத்துக்கும் கடியப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு தெருவில் கிடைத்தது. கட்டுமரம் அல்ல. பாட்டா.

எண்பது தாண்டிய மனிதர். தெருவே 'பாட்டா' என்று கூப்பிட்டதால் நானும் பாட்டா என்றேன். வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் மூன்று மரங்கள் கிடந்தன. இருபதடி நீளம். மேலே பழைய வலை, விறகு, ஒரு கோழிக்கூடு. கோழி என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

"பாட்டா, இது கட்டுமரமா?"

"இல்ல மக்கா. இது மரம்."

"கட்டுமரத்தோட மரம்தானே?"

"கெட்டினாத்தான் கட்டுமரம். அவுத்துப் போட்டா மரம்."

அங்கேதான் எனக்கு உறைத்தது. பெயரிலேயே இருக்கிறது. முப்பது வருஷமாகத் தமிழில் ஃபைல் எழுதுகிறவனுக்குத் தெரியவில்லை. கட்டுமரம் என்பது நாற்காலி மாதிரி செய்துவைத்த சாமான் அல்ல. காலையில் கட்டுவது, கரைக்கு வந்ததும் அவிழ்ப்பது. லேசான மரம் என்பதால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். ஆகவே கயிற்றை அவிழ்த்து, மரத்தைத் தனித்தனியாக இரண்டு பேர் தோளில் தூக்கி, மணலில் காயப்போட வேண்டும். ஈரமாக வைத்தால் மறுநாள் பாதி மூழ்கிக்கொண்டு போகும்.

"எத்தனை வருஷத்து மரம் பாட்டா?"

"எங்கப்பன் வெச்சிருந்தது."

எனக்குக் கைகால் பரபரத்தது. எப்படியும் எழுபது வருஷம்! அலைமன்னா, உன் ஒன்பதடிப் பலகையைத் தூக்கிக் குப்பையில் போடு!

"நடுமரம் நான் மாத்துனேன். நாலு தடவ மாத்தியாச்சு. பொறவு இந்தச் சைடு மரம் உளுத்துப் போச்சு, மாத்துனேன். அந்தச் சைடும் மாத்துனேன்."

"அப்படின்னா உங்கப்பா வெச்சிருந்தது எது பாட்டா?"

அவர் என்னைக் கிறுக்கனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கட்டுமரம்தான். வேற என்னது?"

இதற்குப் பிறகு ஏலக்காரன் எந்த சாஸ்திரத்தை வைத்து வருஷம் கணிப்பான்? பென்சில் கையெழுத்து எங்கே தேடுவான்? நடுமரத்தின் அணியத்தில், அதாவது முன்மூக்கில், கத்தியால் கீறிய ஒரு சின்னச் சிலுவை மட்டும் இருந்தது. புதிதாக மரம் மாற்றும்போதெல்லாம் பழசைப் பார்த்து அதே இடத்தில் கீறுவாராம். அவர் அப்பா கீறிய சிலுவை எந்த அடுப்பில் எரிந்ததோ!

ஜேம்ஸ் ஹார்னெல் என்று ஒரு துரை. மெட்ராஸ் ராஜதானி மீன்துறைக்கு டைரக்டராக இருந்தவர். 1920-ல் இந்தியப் படகுகளைப் பற்றி ஆராய்ச்சி நூலொன்று வெளியிட்டார். ஒவ்வொரு கரையிலும் எத்தனை மரம், எப்படிக் கட்டு என்று நடந்து பார்த்து எழுதிய மனுஷன். பாலினேசியாவுக்கும் நமக்கும் படகு உறவு உண்டு என்று வேறு வாதாடினார். அந்த வாதத்தைவிட எனக்கு அவருடைய அளவுகளும் படங்களும்தான் பெரிசாகத் தெரிகின்றன. அவர் எழுதிவைத்திராவிட்டால், நாமா எழுதப்போகிறோம்? வாசலுக்கு மீன் வந்தால் போதும் என்று இருந்தவர்கள்தானே!

கட்டுமரம் ஒரே நாளில் போய்விடவில்லை. 1970-களில் இதே முட்டத்தில் பியர் ஜில்லே என்ற பெல்ஜியக்காரர் வந்து, ஊர்ப் பையன்களுக்கே சொல்லிக் கொடுத்து, அலையைத் தாண்டக்கூடிய பிளைவுட் படகு கட்டவைத்தார். அது நிலைக்கப் பட்ட பாட்டைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். பிளைவுட்டுக்குப் பின்னால் எஞ்சின் வந்தது. ஆனாலும் தனியாளாக, டீசல் கடன் இல்லாமல் போகிறவனுக்குக் கட்டுமரம் இருந்தது.

"பொறவு சுனாமி" என்றார் பாட்டா.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தொழிலுக்குப் போகாமல் பூசைக்குப் போகிற நாள். கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் பட்ட பாட்டை நான் டி.வி.யில்தான் பார்த்தேன். மணக்குடிப் பாலத்தையே தூக்கி எறிந்த தண்ணீர். இந்த மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 800 பேர் போனார்கள். பாட்டா அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவர் மனைவிதான் உள்ளேயிருந்து, "அவிய தங்கச்சிய அன்னிக்குத்தான் விட்டது" என்றார். பாட்டா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நிவாரணம் வந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் படகில்லாதவனுக்கெல்லாம் ஃபைபர் படகு கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கரை முழுக்க அதுதான் கதை. தப்பு சொல்ல முடியாது. பையன்கள் கேட்டது அதைத்தான். தூரம் போகலாம், நிறைய மீன் வரும், வெயில் மழைக்கு உட்கார இடமுண்டு. கட்டுமரத்தில் எட்டு மணி நேரம் முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பாட்டாவின் முழங்காலில் செருப்புத்தோல் மாதிரி இரண்டு காய்ப்பு. ஆனால் கட்டுமரத்துக்குப் பழசை எடுத்து வைக்கிற மியூசியம் யாரும் கட்டவில்லை. அடுப்புதான் எடுத்து வைத்தது.

"சரி பாட்டா, இதை நீங்க ஏன் எரிக்கலே?"

"கோழிக்கு இடம் வேணும்லா?"

உள்ளேயிருந்து சிரிப்பு. "பொய் சொல்லுதாவ. நான் ஒரு தடவ ஓணான் அடிச்சாப்ல ஒரு துண்டு வெட்டுனதுக்கு, நாலு நாள் எங்கூடப் பேசல்ல."

நான் பர்ஸை எடுத்தேன். என்ன விலை கேட்டாலும் கொடுக்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். லாரி, சென்னை, வேளச்சேரி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அங்க ஆரு கெட்டுவா?"

நான் முழித்தேன்.

"மூணு மரத்தக் கொண்டுபோய்ச் சொவத்துல சாச்சு வெச்சா, அதுக்கு விறகுன்னு பேரு மக்கா. கெட்டத் தெரிஞ்சவன் இந்தத் தெருவுல நான்தான் மிச்சம். என் மவனுக்குத் தெரியாது. பேரனுக்கு எஞ்சின் தெரியும்." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பயலுக்கு அலையில நிக்கத் தெரியுமாக்கும்?"

"தெரியும்னு சொல்றான்."

"வரச் சொல்லு. கயிறு நல்லதா வாங்கிட்டு வரச் சொல்லு."

* * *

அலைமன்னன் மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தான். லீவ் லெட்டரில் என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. இருபது கிலோ கயிற்றுடன் அனந்தபுரியில் இறங்கி, "நைலான் ஓகேவா பாட்டா?" என்றான். நைலான் வழுக்கும், கயிறு என்றால் கொச்சக்கயிறு என்று சொல்லி, பாட்டா அவனை மறுபடி நாகர்கோவிலுக்கு அனுப்பினார்.

கோழிக்கு மாற்று ஏற்பாடு செய்தோம். ஒரு மரத்தின் வால்பக்கம் கறையான் தின்றிருந்தது. பேரன் மெஷின் வாளால் ஓரடி அறுத்தான். பாட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுத்த துண்டைப் பாட்டி எடுக்கப்போனார். அலைமன்னன் முந்திக்கொண்டு அதைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

கட்டுகிற வேலை ஒரு மணி நேரம். நடுமரம் சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் அதன்மேல் சாய வேண்டும், குறுக்குக் கட்டையைச் சுற்றிக் கயிறு இரண்டு முறை மேலே, ஒரு முறை கீழே. இறுக்கும்போது அலைமன்னன் காலால் உந்தித் தொங்கினான். பாட்டா இடையில் புகுந்து விரலை விட்டுப் பார்த்து, "இளக்கு" என்றார். ரொம்ப இறுக்கினால் அலை அடிக்கும்போது மரம் அசைய முடியாமல் கயிறு அறுந்துவிடுமாம். மரத்துக்கு மரம் கொஞ்சம் கொடுத்துப் போக வேண்டும். இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறி, அதே இடுக்கு வழியாக வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதில் உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. எல்லாவற்றையும் அலைமன்னன் வீடியோ எடுத்தான். ஹார்னெல் துரைக்கு இந்த வசதி இல்லை.

கரையில் ஊரே கூடிவிட்டது. பாட்டாவை ஏற விடவில்லை, டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அவர் மணலில் நின்றபடியே கடலை எண்ணினார். பெரிதாக மூன்று, நாலு அலை வந்து உடைந்தது. அப்புறம் ஒரு சின்ன அமைதி. "தள்ளுலேய்!" என்று ஒரு சத்தம். பேரனும் அலைமன்னனும் தள்ளிக்கொண்டு ஓடித் தாவி ஏறி, துடுப்புப் போட்டு, அடுத்த வரிசை வருவதற்குள் தாண்டிவிட்டார்கள். எனக்கே மூச்சு வாங்கியது.

திரும்பி வரும்போதுதான் வேடிக்கை. முதல் அலையில் அணியம் பக்கவாட்டில் திரும்பியது. இரண்டு பேரும் கவிழ்ந்து, மரம் மட்டும் மிதந்து வந்தது. கரையில் விசில். நீந்திப் போய் மறுபடி ஏறினார்கள். இரண்டாவது அலைக்குப் பேரன் பின்னால் முழங்கால் போட்டுத் துடுப்பை அழுத்தி நேராகப் பிடித்துக்கொள்ள, அலைமன்னன் நடுமரத்தில் எழுந்து நின்றான். ஒன்பதடிப் பலகையில் நிற்கிற அதே நிலை. அலை வெள்ளையாக உடைந்து, மரத்தை மணல்வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தது.

"முட்டி மடக்குலே, முட்டி மடக்கு!" என்று பாட்டா கத்திக்கொண்டே இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டார். பாட்டி கரையிலிருந்து அவரை வைத ஒவ்வொரு வசவும், அந்த இங்கிலீஷ் அகராதிக்கு நியாயம் செய்வதாக இருந்தது.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அலைமன்னன் மெல்ல ஆரம்பித்தான். "பாட்டா, இதை அப்படியே கட்டின மேனிக்கு, ஒரு லாரியில..."

பாட்டா கேட்டுக்கொண்டே எழுந்து போனார். ஈரக் கட்டுமரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சைத் தேடினார். விரல் நடுங்கியது, ஆனாலும் ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

"காயணும்லா" என்றார். "அடுத்த மாசம் வாலே. நீயா கெட்டு, நான் பாக்கேன்."

மூன்று மரங்களையும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிப்போய் வெயிலில் போட்டோம். கனம் தோளை அழுத்தியது. திங்கட்கிழமை நான் ஆபீஸில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மானேஜர், "என்ன ஸார், மரம் கிடைச்சுதா?" என்றார்.

"கிடைச்சுது ஸார். காயறது."